குஞ்சித்தம்பியின் வள்ளமும் ஐம்பத்தேழு மறுமொழிகளும்

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் சிங்கம் சேர் என்ற வாத்தியாரின் ரியூசன் கொட்டில் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் பக்கம் போனால் காதே வழி காட்டிவிடும். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டில், உள்ளே பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றைம்பது பேர், அத்தனை பேருக்கும் மேலாக ஒரே ஒரு குரல். ஒருமுறை பெற்றோர் சிலர் சேர்ந்து மைக் செட் ஒன்று வாங்கித் தரலாமா என்று கேட்டு வந்தார்கள். "அயலட்டைச் சனம் என்ன பாவம் செய்ததுகள்?" என்று கேட்டு, சேரின் மனைவி மதிவதனா தேத்தண்ணீர் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டார்.

இரத்தினசிங்கம் என்ற முழுப்பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. ஐம்பத்தாறு வயது. வழுக்கை. சட்டைப் பையில் எந்நேரமும் கரும்பலகைக்கு ஒரு வெண்கட்டித் துண்டு. சாதாரண தர விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி இருபத்தெட்டு வருடமாகிறது. சல்லியிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள், கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வந்தவர்கள், கந்தளாயிலிருந்து பஸ்ஸில் தூங்கி விழுந்து வந்தவர்கள் என்று எத்தனை ஆயிரம் பேர் அவர் கையால் கரையேறினார்களோ, அவருக்கே கணக்கில்லை. அவர் மட்டும் உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டாம் தரம் மயிரிழையில் பல்கலைக்கழக அனுமதியைத் தவறவிட்டவர். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. ஆனால் தன்னிடம் படித்த பிள்ளை ஒன்று கம்பஸுக்கு எடுபட்டால், ஒரு மாதம் பொறுத்துக் கூப்பிட்டு விசாரிப்பார். விரிவுரை மண்டபம் எவ்வளவு பெரிது, எத்தனை ஃபான், விரிவுரையாளர் எந்தப் பக்கம் நின்று கதைப்பார் என்றெல்லாம் கேட்பார். பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மதிவதனா மட்டும் அந்த நேரம் சமையல் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவார்.

அவருடைய படிப்பிக்கும் முறை ஊருக்கே தெரியும். விதியைத் தனியே விட்டால் ஓடிப்போய்விடும், ஒரு ஆளோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சடத்துவம் என்றால் கந்தளாய் பஸ் கொண்டக்டர்: பிரேக் பிடித்தவுடன் டிக்கெட் புத்தகத்தோடு டிரைவரின் மடியில் போய் விழுந்தவர். வெப்பக் கடத்தல் என்றால் மதிவதனாவின் தோசைக்கல். எல்லாவற்றுக்கும் ராஜா, தண்ணீர் பொருளை மேல்நோக்கித் தள்ளும் மேலுதைப்புப் பாடத்தில் வரும் குஞ்சித்தம்பியின் வள்ளம்.

குஞ்சித்தம்பி மதிவதனாவின் தமையன். வெருகல் பக்கம் இருக்கும் கடற்றொழிலாளி. ஒருநாள் கடலிலிருந்து பாரத்தோடு வந்த வள்ளத்தை ஆற்றுக்குள் விட்டாராம். ஆற்றுக்குள் வந்தவுடன் வள்ளம் இரண்டு விரல் தாழ்ந்ததாம். இந்த இடத்தில் சிங்கம் சேர் கதையை நிறுத்தி, இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடித்து மெல்லக் கீழே இறங்குவார். பிள்ளைகள் நூற்றைம்பது பேரும் வாங்கில்களை விட்டு எழும்பி அதே மாதிரி முழங்காலை மடித்து இறங்குவார்கள். "ஏன் தாண்டது? உப்புத் தண்ணியில மேலுதைப்புக் கூட! ஆத்துத் தண்ணியில மேலுதைப்புக் குறைவு!" என்று கொட்டில் அதிரக் கத்துவார்கள். சேர் அச்சடித்துக் கொடுக்கும் சுருக்கக் குறிப்பில் இது பதின்மூன்றாம் பக்கம். அந்தக் குறிப்பு மூதூர் வரை போட்டோக் கொப்பியாகப் போயிருந்தது. குஞ்சித்தம்பி ஒருமுறை காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயரைச் சொன்னபோது, ஊசி போட வந்த நேர்ஸ் சிரித்துக்கொண்டே முழங்காலை மடித்துக் காட்டினாளாம்.

இவ்வளவு திறமான மனிதருக்கு ஒரு குறையும் இருந்தது. அவர் யாரையும் கதைக்க விடமாட்டார். பிள்ளை கையை உயர்த்தினால், கேள்வி இன்னதென்று தானே முடிவுசெய்து, அதற்கு மறுமொழியும் சொல்லி, "விளங்கிச்சுதா? இரும்" என்று இருத்திவிடுவார். மிஞ்சி வாய் திறந்தால், "அதைப் பிறகு கேளும்" என்பார். அந்தப் பிறகு வந்ததாகச் சரித்திரமில்லை. வீட்டிலும் இதே கதைதான். மதிவதனா சொல்ல வேண்டிய முக்கியமான விஷயங்களை ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார்.

இப்படியிருக்கையில், இந்த வருடம் கம்பஸுக்குக் கல்முனையிலிருந்து லைலா என்று ஒரு விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானம் கம்பஸ் பிள்ளைகளின் மண்டையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சாதாரண தரத்துக் கேள்விகள் இருபதை அச்சடித்து, முன்னறிவித்தல் இல்லாமல், எல்லாத் துறையிலும் இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்து எழுதவைத்தார்.

வந்த மறுமொழிகளைப் பார்த்து லைலா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தவித்தார். பித்தம் எங்கே சுரக்கிறது என்ற கேள்விக்கு ஒருவர், கோபம் வரும்போது தலையில் என்று எழுதியிருந்தார். அமிலத்தில் நீல லிட்மஸ் எனும் பாசிச்சாயத்தாளைத் தோய்த்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு நாலு பேரின் மறுமொழி, நனைந்துபோகும். ஒரு வகையில் அதுவும் உண்மைதான். சராசரி இருபதுக்கு ஏழு. கேள்வி விளங்கவில்லை என்று எழுதும் நேர்மைகூடப் பலருக்கு இல்லை.

பதினாலாம் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. பாரம் ஏற்றிய வள்ளமொன்று கடலிலிருந்து ஆற்றுக்குள் செல்லும்போது அதன்மீதான மேலுதைப்புக்கு என்ன நடக்கும், காரணம் தருக. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அறுபத்துமூன்று பேர் எழுதியதில் ஐம்பத்தேழு பேர் ஒரே மறுமொழி. குறையும். காரணமும் சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். அதில் இருபது பேர் குஞ்சித்தம்பியின் பெயரையும் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஆக்கிமிடிசின் தத்துவம் என்று எழுதி, அதைக் கோடு கீறி வெட்டி, குஞ்சித்தம்பி தத்துவம் என்று திருத்தியிருந்தார்.

"ஜதுசா, இந்தக் குஞ்சித்தம்பி ஆரு?" என்று லைலா கேட்டார்.

தாள் திருத்த உதவிக்கு நின்ற ஜதுசா இறுதி வருட மாணவி, சல்லிப் பிள்ளை, சிங்கம் சேரிடம் இரண்டு வருடம் முழங்காலை மடித்தவள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஏனென்றால் அந்த மறுமொழி பிழை. உயர்தரத்தில் படித்தபோதே அவளுக்கு அது தெரியும். அன்று பின்னேரமே சேருக்குப் போன் எடுத்தாள்.

"சேர், நான் ஜதுசா. கம்பஸில ஒரு சோதனை வைச்சவை. மற்ற எல்லாத்தையும் மறந்துபோச்சினம். உங்கட பிள்ளையள் ஐம்பத்தேழு பேர் மட்டும் குஞ்சித்தம்பி அண்ணையின்ர வள்ளத்தை அப்பிடியே எழுதியிருக்கினம். ஆனா சேர், அதில..."

"அப்பிடியே எழுதியிருக்கினமோ!" சேரின் சத்தத்தில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். "நான் சொன்னனான் தானே பிள்ளை, நான் படிப்பிச்சது மறக்க ஏலாது எண்டு! முடிவு எப்ப சொல்லுவினம்?"

"புதன்கிழமை காலமை பத்து மணிக்கு, பெரிய மண்டபத்தில. ஆனா சேர், நீங்கள்..."

"நான் வாறன்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. ஜதுசா திரும்ப எடுத்தாள். லைன் பிஸி. அவர் வெருகலுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாலு நாளும் சிங்கம் சேரின் கால் நிலத்தில் படவில்லை. சந்தைக்குப் போனார், மீன் வாங்க மறந்து செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார். கடற்படை முகாம் வாசலில் வழக்கமாகப் பணிஸ் விற்கிறவனுக்கும் சொன்னார். மதிவதனா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "கம்பஸுக்கு உங்களை ஆர் கூப்பிட்டவை? அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தது எண்டு..." என்று தொடங்கினார். "பிறகு, பிறகு" என்றார் சேர். கம்பஸில் தன்னை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கதைக்கச் சொன்னால் என்ன கதைப்பது என்று குளியலறையில் நின்று பழகினார். முப்பத்தைந்து வருடமாக மனத்துக்குள் வைத்திருந்த மண்டபம். அதற்குள் போக இப்போதுதான் ஒரு வழி கிடைத்தது என்று அவர் நம்பினார்.

புதன் காலை முதல் பஸ்ஸில் குஞ்சித்தம்பி வந்து இறங்கினார். அறுபத்திரண்டு வயது, கறுத்து இறுகிய உடம்பு, இடுப்பில் புதுச் சாரம். "என்னை எதுக்கு மச்சான்?" என்று கேட்டார். "நீங்கள் இல்லாட்டி அந்த விதியே இல்லை" என்று சொல்லி, சேர் அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டார்.

மண்டப வாசலில் ஜதுசா ஓடி வந்தாள். "சேர், ஒரு நிமிசம், ஒரு விசயம்..."

"தெரியும் பிள்ளை, தெரியும். எங்க இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அவர் முன்வரிசைக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணாந்து ஃபான்களை எண்ணினார். பன்னிரண்டு.

லைலா முடிவுகளைத் திரையில் போட்டுக்கொண்டு வந்தார். பித்தம் தலையில் சுரந்ததற்கு மண்டபம் குலுங்கியது. பதினாலாம் கேள்வி திரையில் வந்ததும் பின்வரிசையில் யாரோ எழும்பி முழங்காலை மடித்தார்கள். பிறகு இன்னொருவர். மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் கையை விரித்துக்கொண்டு மெல்ல இறங்கி, "இரண்டு விரல்!" என்று கத்தினார்கள். சிங்கம் சேருக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிக் குஞ்சித்தம்பியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஐம்பத்தேழு பேர்," என்றார் லைலா. "அஞ்சாறு வருசமா ஒரு சொல்லுக் கூட மாறாம நினைவு வைச்சிருக்காங்க. இந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்லை. படிப்பிச்சவர் ஆரா இருந்தாலும் பெரிய கெட்டிக்காரர். ஒரே ஒரு பிரச்சினைதான். அந்த மறுமொழி பிழை."

எல்லாருடைய கண்ணும் முன்வரிசைக்குப் போயிற்று. முன்வரிசையில் இருப்பவர் யார் என்பது லைலாவுக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியதும் அவருடைய முகம் வாடிவிட்டது.

சிங்கம் சேர் எழும்பினார். "மிஸ், நான்தான் படிப்பிச்சனான். பிழை எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? வள்ளம் தாழுதோ இல்லையோ? இந்தா இருக்கிறார் குஞ்சித்தம்பி. இவரின்ர வள்ளம்தான். கேளுங்கோ!"

உண்மையான குஞ்சித்தம்பியைக் கண்டதும் பிள்ளைகள் விசிலடித்துக் கைதட்டினார்கள். குஞ்சித்தம்பி கூச்சத்தோடு எழும்பி, "ஓம், தாழும். இரண்டு விரல்" என்றார்.

"தாழும் ஐயா, அது சரி," என்றார் லைலா, மிகவும் பக்குவமாக. "நான் கேட்டது அதை இல்லை. வள்ளத்தைத் தண்ணி தாங்குதே, அந்தத் தாங்கிற பலம் ஆத்துக்குள்ள குறையுதா?"

சேர் மறுமொழி சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கேள்வி குஞ்சித்தம்பியிடம் கேட்கப்பட்டிருந்தது, அவரோ அதை நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"அதெப்பிடிக் குறையும்?" என்றார் குஞ்சித்தம்பி. "வள்ளத்தில ஏத்தின பாரம் அதேதானே. ஒண்டையும் இறக்கேல்லை. தாங்கிற பலம் குறைஞ்சா வள்ளம் இரண்டு விரலோட நிக்குமோ? அடியிலயெல்லோ போய் இருக்கும். ஆத்துத் தண்ணி லேசு. அதே பாரத்தைத் தாங்க அதுக்குக் கூட இடம் வேணும். அதுதான் தாழுது." பிறகு மச்சானைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இதைத்தானே நீங்கள் படிப்பிக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

சுருக்கக் குறிப்பின் பன்னிரண்டாம் பக்கம் சிங்கம் சேரின் கண்ணுக்குள் வந்தது. மிதக்கும் பொருளொன்றின் நிறை அதன்மீதான மேலுதைப்புக்குச் சமன். தானே எழுதியது. பெட்டி கட்டி, சிவப்பு மையால் கோடிட்டது. அதற்கு எதிரே பதின்மூன்றாம் பக்கத்தில் குஞ்சித்தம்பியின் வள்ளம். இரண்டு பக்கமும் இருபத்தெட்டு வருடமாக ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கின்றன. நடுவில் இருந்த இவர் ஒருநாளாவது இரண்டையும் சேர்த்து வாசிக்கவில்லை.

வெளியே ஸ்கூட்டி நிற்கிறது, அப்படியே போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. போனால் நாளைக்கு இந்தக் கதை திருகோணமலை முழுக்கப் போகும். போகாவிட்டாலும் போகும். ஆனால் இந்தப் பிள்ளைகள் ஐம்பத்தேழு பேரும் சாகும்வரை பிழையோடு போவார்கள். அதை நினைத்தபோதுதான் அவருக்கு உண்மையில் வலித்தது.

சட்டைப் பையைத் தடவி வெண்கட்டியை எடுத்தார். மண்டபத்தில் வெள்ளைப் பலகைதான் இருந்தது. லைலா ஓடி வந்து மார்க்கரை நீட்டினார். பலகையில் ஒரு வள்ளம் கீறினார், மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. இரண்டும் ஒரே நீளம். வள்ளம் கோணலாகிவிட்டது.

"பிள்ளையள், நான் உங்களுக்குப் பிழையாப் படிப்பிச்சிட்டன்," என்றார். குரல் முதல்முறையாகப் பின்வரிசைக்கு எட்டவில்லை. சத்தமாகத் திரும்பச் சொன்னார். "பிழையாப் படிப்பிச்சிட்டன். மேலுதைப்பு மாறாது. கடலிலயும் ஆத்திலயும் ஒண்டுதான். வள்ளம் தாழும், ஆனா மேலுதைப்பு மாறாது. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. நடுவரிசையிலிருந்து ஒரு பையன் எழும்பினான். கிண்ணியா றிஸ்வி, கணினித் துறை மூன்றாம் வருடம்.

"சேர், எனக்கு அது பிழையெண்டு ஏ.எல். படிக்கக்குள்ளயே தெரியும்."

லைலா திடுக்கிட்டு அவனுடைய தாளைத் தேடி எடுத்தார். "இல்லையே றிஸ்வி, நீங்களும் குறையும் எண்டுதானே எழுதியிருக்கீங்க?"

"ஓம் மிஸ். கேள்வியைக் கண்டவுடனே சேர்ர குரல்தான் காதில கேட்டது. கை தானா எழுதிட்டுது."

இப்போது மண்டபம் சிரித்தது. ஜதுசா எழும்பி, தனக்கும் தெரியும் என்றாள். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை என்று உயர்ந்து, கடைசியில் பத்தொன்பது கைகள் நின்றன. லைலா பேனையைத் தேடி அவசரமாக எழுதத் தொடங்கினார். தெரிந்தவர்களும் தெரியாதவர்களைப் போலவே எழுதியிருக்கிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைத்த புதையல்.

சிங்கம் சேருக்கு அந்தப் பத்தொன்பது கைகளும் வேறு கணக்கு. "தெரிஞ்சிருந்தும் ஏன் ஒருத்தர் கூட என்னட்ட வந்து சொல்லேல்லை?" என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

றிஸ்வி தலையைச் சொறிந்தான். "சேர், நீங்க ஆரைக் கதைக்க விட்டனீங்க?"

மண்டபத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் எடுத்தது. பக்கத்தில் இருந்த குஞ்சித்தம்பிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சேருக்கு முதலில் முகம் சிவந்தது. பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. வழுக்கையைத் தடவிக்கொண்டு, மார்க்கரைக் கையில் வைத்தபடி, தொந்தி குலுங்கச் சிரித்தார். லைலா வந்து, "நீங்க வருவீங்க எண்டு எனக்குத் தெரியாது சேர், தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தார். சேர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, அவர் வசனத்தை முடிக்கும்வரை காத்து நின்றார். அது அவருக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது லைலாவுக்குத் தெரியாது. தூரத்தில் நின்ற ஜதுசாவுக்குத் தெரிந்தது.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு ஓர்ஸ் ஹில்லில் வழக்கமான சத்தம் கேட்கவில்லை. சேர் பதினோராம் வகுப்பின் முன்னால் நின்று, காலையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பதின்மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை எல்லோரையும் வெட்டச் சொன்னார். சோதனைக்கு இன்னும் ஏழு கிழமை இருந்தது, இவர்களாவது தப்பினார்கள். முழங்காலை மடிப்பது அப்படியே இருக்கட்டும், வள்ளம் தாழத்தானே செய்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னபோது, அதை முழுதாகக் கேட்டு, சரி என்று ஒத்துக்கொண்டார்.

பிறகு வெண்கட்டியை மேசையில் வைத்தார். "வேற ஆருக்கும் ஏதாவது கேட்க வேணுமெண்டா கேளுங்கோ. நான் குறுக்க கதைக்கமாட்டன்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது ஏதோ பொறி என்று நினைத்தவர்களும் உண்டு. சேர் உதட்டைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கொட்டிலின் பின்பக்கம் கதவோரத்தில் மதிவதனா வந்து நின்று பார்த்தார்.

மூன்றாம் வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. ஷிஃபானா. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத பிள்ளை.

"சேர், முப்பத்தோராம் பக்கத்திலயும் ஒரு பிழை இருக்கு. தாவரம் ராவையில மட்டும்தான் சுவாசிக்கும் எண்டு போட்டிருக்கு. பகலிலயும் சுவாசிக்கும், சேர்."

சேர் குறிப்பை எடுத்து முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். அவள் சொன்னது சரி.

"இதை எப்ப கண்டனீர், மகள்?"

"போன வருசம், சேர்."

ஒரு வருடம். கிழமைக்கு மூன்று நாள் அந்தப் பிள்ளை அதே வாங்கிலில் சரியான மறுமொழியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. காலையில் கம்பஸில் பிழையை ஒத்துக்கொண்டபோது வராத கண்ணீர் இப்போது வரப் பார்த்தது. சேர் அதை விழுங்கிக்கொண்டார். மேசையைச் சுற்றி வந்து, முன்வாங்கிலில் பிள்ளைகளை நெருக்கி ஓரத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, வெண்கட்டியை அவள் பக்கம் நீட்டினார்.

"வாரும். வந்து எல்லாருக்கும் சொல்லும்."

ஷிஃபானா தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். ஒரு இலையைக் கீறி, பகலில் உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. சேர் திரும்பி எல்லாரையும் பார்த்து, வாயில் விரலை வைத்தார்.